பன்னிரண்டும் ஒண்டும்: ஆன்ஹெல் நியெத்தோவும் சின்ன எஞ்சின்களின் நாடும்

2025 மோட்டோஜிபி பருவம் முடிந்தபோது முதலாமிடத்தில் மார்க் மார்க்கேஸ், இரண்டாமிடத்தில் அவருடைய சொந்தத் தம்பி அலெக்ஸ். இரண்டு பேரும் கத்தலோனியாவில் செர்வேரா என்ற சின்ன ஊரைச் சேர்ந்தவர்கள். அதற்கு முதல் வருடம் பட்டம் எடுத்த ஹோர்ஹே மார்ட்டினும் ஸ்பெயின்காரர்தான். எங்கட குழுவில் மோட்டார்சைக்கிள் பந்தயம் பார்க்கிற ஆக்கள் நாலைந்து பேர் இருக்கிறம். "உவங்கள் ஏன் எல்லாரும் ஸ்பெயின்காரங்களா இருக்கிறாங்கள்?" எண்டு ஒருத்தர் கேட்க, அண்டைக்குத் தொடங்கின கதை நடுச்சாமம் தாண்டியும் முடியேல்லை. வெயில், ஓடுகளங்கள், ஸ்பொன்சர் காசு எண்டு ஆளுக்கொரு காரணம். கதை பின்னோக்கிப் போய் ஆன்ஹெல் நியெத்தோவின் பெயரில் வந்து நின்றபோது ஒரு நண்பர் சொன்னார்: "அவர் ஓடினது முழுக்க 50, 125 தானே. சின்னப்பிள்ளையளின்ர வகுப்பு."

அந்த ஒரு வசனத்தோடு சண்டை பிடிக்கத்தான் இந்தக் கட்டுரை.

பந்தயம் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மோட்டார்சைக்கிள் உலக சம்பியன் பட்டம் ஒன்றல்ல. எஞ்சின் கொள்ளளவை வைத்து வகுப்புகள் பிரிப்பார்கள். நியெத்தோ ஓடிய காலத்தில் 50, 125, 250, 350, 500 சீசீ என்று வகுப்புகள் இருந்தன. 500தான் ராசா. ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி உலக சம்பியன். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு வகுப்பில் ஓடலாம், பலர் ஓடினார்கள். நியெத்தோ 1969 தொடக்கம் 1984 வரை 13 உலகப் பட்டங்கள் எடுத்தார். 50 சீசீயில் ஆறு, 125இல் ஏழு. இத்தாலியின் ஜாக்கோமோ அகொஸ்தினியின் 15 பட்டங்களுக்கு அடுத்த இடம் இன்றைக்கும் இவருடையது. ஆனால் இவர் வாயிலிருந்து "பதின்மூன்று" என்ற சொல் வராது. அந்த எண் ராசியில்லை என்று நம்பினார். "பன்னிரண்டும் ஒன்றும்" என்றுதான் சொல்வார். ஸ்பெயின் முழுக்க அப்படியே சொல்லப் பழகிவிட்டது.

1947 ஜனவரி 25இல் சமோராவில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் மட்ரிட்டின் ஓரத்திலிருந்த வயேகாசுக்கு வந்துவிட்டது. வயேகாஸ் 1950 வரைக்கும் மட்ரிட்டின் பகுதிகூட இல்லை, தனி ஊர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கிராமங்களில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் தலைநகரை நோக்கி வந்த சனம் குடியேறிய இடம். இரவோடிரவாக எழும்பின குடிசைகள், தண்ணியில்லாத தெருக்கள். நியெத்தோவுக்குப் பள்ளிக்கூடம் பெரிதாக ஒட்டவில்லை. சின்ன வயதிலேயே ஒரு மோட்டார்சைக்கிள் கராஜில் கையாளாகப் போனார். எங்கட ஊர்களிலும் இந்தப் பெடியனை எல்லாருக்கும் தெரியும். கையில கிறீஸ், காதில எஞ்சின் சத்தம், திருத்தின பைக்கை "ஓடிப் பாக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சு வாற பெடியன்.

வளரிளம் வயதிலேயே மட்ரிட்டை விட்டு பார்சிலோனா போனார். காரணம் எளிது, மோட்டார்சைக்கிள் அங்கேதான் இருந்தது. ஸ்பெயினின் மோட்டார்சைக்கிள் தொழில் ஏறக்குறைய முழுக்கவே கத்தலோனியாவில், பார்சிலோனாவைச் சுற்றித்தான். மொன்டேஸா, புல்டாக்கோ, ஒஸ்ஸா, டெர்பி. புல்டாக்கோவில் வேலை செய்து, கடைசியில் மொயெத் டெல் வயேஸ் என்ற ஊரிலிருந்த டெர்பியில் வந்து சேர்ந்தார். 1964இல், பதினேழு வயதில், பார்சிலோனாவின் மொன்ஜூயிக் குன்றைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்த ஸ்பானிய கிராண்ட் பிரியில் 50 சீசீ டெர்பியில் முதல் தடவையாக உலகப் பந்தயமொன்றில் ஓடினார்.

இந்தக் கொம்பனிகளைப் பற்றிக் கொஞ்சம் கதைக்காமல் நியெத்தோவைப் பற்றிக் கதைக்க ஏலாது. டெர்பி என்ற பெயருக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 'டெரிவாதோஸ் டெ பிசிக்லேத்தாஸ்', அதாவது சைக்கிளிலிருந்து பிறந்தவை என்ற ஸ்பானியச் சொற்களின் சுருக்கம். சிமெயோன் ரபாசா என்பவர் 1922இல் தொடங்கிய சைக்கிள் பட்டறைதான் பிறகு டெர்பி ஆனது. மொன்டேஸா 1958இல் பந்தயத்திலிருந்து விலக முடிவெடுத்தபோது, அதை நிறுவியவர்களில் ஒருவரான பிரான்சிஸ்கோ புல்தோ கோபித்துக்கொண்டு வெளியேறித் தொடங்கியது புல்டாக்கோ. ஒஸ்ஸா இன்னும் சுவாரசியம். அது முதலில் சினிமா புரொஜெக்டர் செய்த கொம்பனி! 'ஓர்ஃபேயோ சின்க்ரோனிக்' என்ற பெயரின் முதலெழுத்துகளிலிருந்து வந்ததுதான் ஒஸ்ஸா. திரையில் படமும் சத்தமும் ஒன்றாக ஓடவேண்டும் என்பதற்காகத் துல்லியமாகப் பல்சக்கரம் வெட்டப் பழகியவர்கள், பிறகு மோட்டார்சைக்கிளுக்கும் வெட்டினார்கள்.

ஏன் எல்லாமே சின்ன எஞ்சின்? பிராங்கோவின் ஸ்பெயின் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாடு. வெளிநாட்டு வண்டிகளுக்கு உள்ளே வர வழி மிகக் குறைவு. சனத்திடம் பெரிய வண்டி வாங்கக் காசும் இல்லை. வேலைக்குப் போகவும், சந்தைக்குப் போகவும், மனுசியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போகவும் சின்ன எஞ்சின் வண்டிகள்தான். சாலி 50இல் ஒரு குடும்பமே போனதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1957இல் சியாட் 600 என்ற குட்டிக் கார் வந்து, கொஞ்சம் கொஞ்சமாக நடுத்தரக் குடும்பங்கள் அதற்கு மாறின. கார் வாங்க முடியாதவர்களும் இளம் பெடியளும் மோட்டார்சைக்கிளோடு நின்றார்கள். இங்கிலாந்து 500 சீசீ செய்தது, இத்தாலியில் எம்வி அகுஸ்தா இருந்தது. ஸ்பெயினுக்கு அந்த வசதி இல்லை. தன்னிடம் என்ன இருந்ததோ அதைக் கொண்டு பந்தயத்துக்குப் போனது.

சரி, 50 சீசீ பந்தயம் என்றால் விளையாட்டுக் காரியம் என்று நினைக்கிறவர்கள், 1960களில் ஜப்பான் கொம்பனிகள் அந்த வகுப்பில் செய்த கூத்தைப் பார்க்கவேண்டும். ஹொண்டா 50 சீசீயை இரண்டு சிலிண்டராகப் பிரித்து, நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளுக்கு மேல் சுழலவிட்டது. சுசுகியின் கடைசி 50 சீசீ பந்தய வண்டிக்கு 14 கியர். பதினான்கு! டெர்பி போன்ற கொம்பனி அதோடு எப்படி மோதும்? 1967 முடிவோடு ஹொண்டாவும் சுசுகியும் தொழிற்சாலை அணிகளை விலக்கிக்கொண்டன. செலவு கட்டுப்பாடில்லாமல் போனதால், 1969 தொடக்கம் 50 சீசீக்கு ஒரு சிலிண்டர், ஆறு கியர் மட்டும் என்று விதி வந்தது. நியெத்தோவுக்குக் கதவு திறந்தது அந்த விதியால்தான். இதை மறைக்கத் தேவையில்லை. திறந்த கதவால் நெதர்லாந்துக்காரர், ஜேர்மன்காரர், இத்தாலிக்காரர் எல்லாரும்தான் ஓடிவந்தார்கள்.

இந்தச் சின்ன வண்டியை ஓட்டுவது எப்படியான வேலை என்பதைச் சொன்னால்தான் எங்கட நண்பரின் வசனத்துக்குப் பதில் கிடைக்கும். 500 சீசீ வண்டியில் வளைவில் பிழை விட்டால், வளைவு முடிந்ததும் முறுக்கிப் பிடித்து விட்டதை மீட்கலாம். 50 சீசீயில் அது முடியாது. எஞ்சினின் பலம் மிகக் குறுகிய ஓர் எல்லைக்குள் மட்டும்தான் இருக்கும். சுழற்சி அதற்குக் கீழே விழுந்தால் வண்டி செத்த மாதிரி. ஆகவே பிரேக்கை எவ்வளவு குறைவாகத் தொடுகிறீர்கள், வளைவுக்குள் எவ்வளவு வேகத்தைக் கொண்டுபோகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. நேர்ப்பாதையில் நாடி பெற்றோல் தாங்கியில் ஒட்டவேண்டும், முழங்கைகள் உள்ளே மடங்கவேண்டும். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, அவருக்குப் பின்னாலுள்ள காற்றில்லாத இடத்தில் ஒட்டிக்கொண்டு போய், கடைசிச் சுற்றில் வெளியே பாயவேண்டும். இதோடு, அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் எந்த நேரமும் இறுகிவிடும். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டால் பின்சில்லு பூட்டிக்கொள்ளும், ஆள் தூக்கி எறியப்படுவார். அதனால் கிளட்ச்சில் எப்போதும் விரல் இருக்கும், காது எஞ்சினில் இருக்கும். சத்தம் மாறுகிற கணத்தில் கிளட்ச்சைப் பிடிக்கவேண்டும். வயேகாஸ் கராஜில் வளர்ந்த காது இதற்கு உதவியிருக்கும் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.

1969 செப்டெம்பர் 14. யூகோஸ்லாவியாவின் ஒபாத்தியா, இன்றைய குரோஷியாவில் இருக்கிற கடலோர ஊர். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் அட்ரியாட்டிக் கடல், நடுவில் பந்தய வீதி. பருவத்தின் கடைசிப் பந்தயம். அன்றைக்கு இரண்டு ஸ்பெயின்காரர்களுக்கு உலக சம்பியனாகும் வாய்ப்பு இருந்தது. ஸ்பெயினுக்கு அதுவரை இந்த விளையாட்டில் ஓர் உலக சம்பியனும் கிடையாது.

ஒருவர் நியெத்தோ. அந்த வருடத்தைத் தொடக்கிவைத்த வெற்றிகள் நெதர்லாந்தின் ஆல்ட் டோர்சனுடையவை. அவர் ஓடியது க்ரைட்லர். கிழக்கு ஜேர்மனியின் சாக்சென்ரிங்கில் நியெத்தோ தன் முதல் கிராண்ட் பிரியை வென்று, பின்னர் அல்ஸ்டரிலும் வென்று, துரத்திக்கொண்டு வந்து ஒபாத்தியாவில் முடித்தார். கணக்குப் பார்த்தபோது நியெத்தோ 76, டோர்சன் 75. ஒரே ஒரு புள்ளி.

மற்றவர் சந்தியாகோ எரேரோ. அவரைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் நியெத்தோவின் பெயர் தெரிந்த ஆக்களில் பாதிப் பேருக்கு இவரைத் தெரியாது. எரேரோ ஓடியது 250 வகுப்பில், சினிமா புரொஜெக்டர்காரரான ஒஸ்ஸாவின் வண்டியில். அதை வடிவமைத்தவர் முதலாளியின் மகன், எதுவார்தோ ஜிரோ என்ற இளம் பொறியியலாளர். மற்றவர்கள் இரண்டு சிலிண்டர், நாலு சிலிண்டர் வண்டிகளோடு வந்தபோது ஒஸ்ஸாவுக்கு ஒற்றைச் சிலிண்டர். குழாய்ச் சட்டகத்துக்குப் பதிலாக மக்னீசியம் தகட்டில் பெட்டி மாதிரி ஓர் உடல். பலம் குறைவு, பாரமும் குறைவு. நேர்ப்பாதையில் யமஹாக்கள் கடந்து போகும், வளைவுகளில் எரேரோ பிடித்துவிடுவார். 1969இல் ஸ்பெயின், பிரான்ஸ், பெல்ஜியம் மூன்றிலும் வென்றார். அதிவேக ஓடுகளமான பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஒற்றைச் சிலிண்டர் வென்றதை நம்புவது இன்றைக்கும் கடினம். பிறகு அல்ஸ்டரில் விழுந்து காயப்பட்டார். ஒபாத்தியாவுக்கு வரும்போது பட்டத்துக்கு மூன்று பேர் போட்டி. எரேரோ விழுந்தார். பந்தயத்தையும் பட்டத்தையும் அவுஸ்திரேலியாவின் கெல் கறதர்ஸ், பெனெல்லி வண்டியில் எடுத்துக்கொண்டார். எரேரோ மூன்றாமிடம்.

ஒரே நாள், ஒரே வீதி. ஒருவர் நாட்டின் முதல் உலக சம்பியன், மற்றவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அடுத்த வருடம் மே மாதம் அதே ஒபாத்தியாவில் எரேரோ 250 பந்தயத்தை வென்றார். இந்த முறை பட்டம் அவருக்குத்தான் என்று பலரும் நம்பினார்கள். இரண்டு கிழமை கழித்து ஐல் ஒஃப் மான் தீவு. சுற்று ஒன்றுக்கு 60 கிலோமீற்றருக்கு மேல், வீடுகளுக்கும் கல்மதில்களுக்கும் நடுவால் போகிற சாதாரண றோட்டு. 1970 ஜூன் 8 அன்று அங்கே விழுந்தார், இரண்டு நாள் கழித்து இறந்தார். ஒஸ்ஸா வீதிப் பந்தயத்தை அத்தோடு கைவிட்டது.

நியெத்தோவின் பட்டங்களை எண்ணும்போது இந்தச் சாவுகளையும் பக்கத்தில் வைத்துத்தான் எண்ணவேண்டியிருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. 1972இல் 125 வகுப்பில் நியெத்தோவின் பெரிய எதிரி இத்தாலியின் ஜில்பெர்த்தோ பார்லோத்தி, மொர்பிதெல்லி வண்டியில். பருவத்தின் நடுவில் பார்லோத்திதான் முன்னணி. ஐல் ஒஃப் மானுக்கு நியெத்தோ போகவில்லை. எதிரி இல்லாத இடத்தில் புள்ளி சேர்க்கலாம் என்று பார்லோத்தி போனார். மழையும் பனிமூட்டமுமான மலைப்பாதையில் விழுந்து இறந்தார். அகொஸ்தினி அதற்குப் பிறகு அந்தத் தீவில் ஓடவே மாட்டேன் என்று சொல்லி, சொன்னபடியே நின்றார். 1976க்குப் பிறகு உலகப் பட்டப் பட்டியலிலிருந்தே அந்தப் பந்தயம் நீக்கப்பட்டது. அந்த வருட 125 பட்டம் நியெத்தோவுக்கு. பார்லோத்தி உயிரோடு இருந்திருந்தால் என்ற கேள்வி அந்தப் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு நியெத்தோ பொறுப்பில்லை. ஆனால் வரலாறு எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிப் போகக்கூடாது.

அதே 1972இன் 50 சீசீ பட்டம் வேறு மாதிரியான கதை. நியெத்தோவும் க்ரைட்லரில் ஓடிய யான் டி வ்ரீசும் பருவ முடிவில் சம புள்ளி. சரி, யார் அதிகம் வென்றது என்று பார்த்தால் அதுவும் சமம். மற்ற இடங்களைப் பார்த்தால் அவையும் சமம். கடைசியில் இருவரும் பந்தயங்களில் எடுத்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். ஒரு பருவம் முழுக்க ஓடியதில் நியெத்தோ 21 விநாடி சொச்சம் முன்னால். அதை வைத்துப் பட்டம் கொடுத்தார்கள். முந்தைய வருடம், 1971இல், மட்ரிட்டுக்குப் பக்கத்திலுள்ள ஹராமா ஓடுகளத்தில் கடைசிநாள் 50 சீசீ பட்டத்தை இதே டி வ்ரீசிடம் பறிகொடுத்துவிட்டு, அதே நாள் 125 பந்தயத்தை வென்று அந்தப் பட்டத்தை எடுத்தவர் நியெத்தோ. அப்போது இரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்ட இங்கிலாந்துப் பெடியனின் பெயர் பாரி ஷீன். பிறகு 1976லும் 1977லும் 500 வகுப்பில் உலக சம்பியனானவர். சின்ன வகுப்பில் மோதியவர்கள் சின்ன ஆக்கள் இல்லை.

இரண்டு பட்டங்களையும் ஒரே வருடத்தில் எடுத்த பிறகு டெர்பி பந்தயத்திலிருந்து விலகியது. ஆளுக்கு வயது 25, ஐந்து உலகப் பட்டம், ஏற வண்டியில்லை. அடுத்த வருடம் ஏறியது எந்த வண்டியில் தெரியுமா? மொர்பிதெல்லி. பார்லோத்தி இறந்த அதே கொம்பனி. அது சரிவரவில்லை. இரண்டு வருடம் பட்டம் இல்லாமல் போனது. 1975இல் பழைய எதிரியான க்ரைட்லருக்கே போய் 50 சீசீ பட்டத்தைத் திரும்ப எடுத்தார். அந்த வருடம் நவம்பரில் பிராங்கோ இறந்தார். 1976லும் 1977லும் புல்டாக்கோவில் 50 சீசீ பட்டம். வேலை செய்த தொழிற்சாலைக்கே ஓட்டவீரராகத் திரும்பி வந்திருந்தார்.

அந்தப் புல்டாக்கோ உண்மையில் கத்தலோனியாவில் பிறந்தது இல்லை. யான் தீல், மார்ட்டின் மைவார்ட் என்ற இரண்டு நெதர்லாந்துக்காரர் முதலில் தங்கட பெயரின் துண்டுகளைச் சேர்த்து ஜமாத்தி என்ற வண்டியைச் செய்தவர்கள். பிறகு இத்தாலியில் பியோவத்திச்சி கொம்பனிக்குப் போனார்கள். அது படுத்தபோது அவர்களையும் வண்டியையும் சேர்த்து வாங்கியது புல்டாக்கோ. தீலின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவார்.

பிறகு இத்தாலிக் காலம். 125 வகுப்பில் மினரெல்லி வண்டியில் 1979லும் 1981லும், கரெல்லி வண்டியில் 1982, 83, 84 மூன்று வருடமும் தொடர்ந்து. இந்தப் பகுதியை நாங்கள் கொஞ்சம் வேகமாகத்தான் கடக்கிறம். காரணம் நேர்மையானது. கரெல்லி அந்தக் காலத்தில் மற்றவர்களை விட ஒரு படி மேல். 1982இல் இரண்டாமிடம் வந்த இத்தாலியின் லட்சரீனி இன்னொரு கரெல்லியில் இருந்தார். எழுபதுகளின் அந்த மூச்சுமுட்டல் இந்தப் பட்டங்களில் இல்லை. ஆனாலும் 37 வயதில், தன்னில் பாதி வயதுப் பெடியளோடு மோதி உலகப் பட்டம் எடுப்பது சும்மா காரியமில்லை. 1984இல் எடுத்த அந்தக் கடைசிப் பட்டம்தான் "ஒண்டு".

எங்கட நண்பரின் குற்றச்சாட்டில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. நியெத்தோ 500 வகுப்பின் பக்கம் தன் வாழ்க்கையைக் கொண்டுபோகவில்லை. அவருடைய 90 வெற்றிகளில் 27 வெற்றி 50 சீசீயில், 62 வெற்றி 125இல். அகொஸ்தினியோடு ஒரே கோட்டில் நின்று பந்தயம் தொடங்கி வென்றார் என்று ஒருவரும் சொல்ல முடியாது. மைக் ஹெயில்வுட் 250, 350, 500 மூன்றிலும் சம்பியனானவர். அவரோடு ஒப்பிட்டால் நியெத்தோவின் உலகம் சின்னதுதான். ஆனால் அவர் கையில் கிடைத்த உலகம் அது. அவருடைய நாட்டில் வென்று காட்டக்கூடிய 500 சீசீ வண்டி செய்ய ஒருவரும் இல்லை. மட்ரிட்டின் சேரியிலிருந்து வந்த பெடியனுக்கு அப்படி ஒன்றை வாங்கிக் கொடுக்கவும் ஒருவரும் இல்லை.

1985இல் மீண்டும் டெர்பி. 50 சீசீ வகுப்பு 1983 உடன் முடிந்து அதன் இடத்தில் 80 சீசீ வந்திருந்தது. பிரான்சின் லெ மான் ஓடுகளத்தில் 80 சீசீ டெர்பியில் வென்றார். அது 90ஆவது, கடைசி வெற்றி. அடுத்த வருடத்தோடு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

அதன் பிறகு நடந்ததுதான் எங்கட நண்பர் கேட்ட முதல் கேள்விக்குப் பதில். நியெத்தோ புல்டாக்கோவில் இருந்தபோது வலென்சியாப் பக்கத்திலிருந்து வந்த ரிக்கார்தோ தோர்மோ 1978இல் 50 சீசீ சம்பியன், 1981இல் திரும்பவும். 1984இல் டெர்பி வண்டியொன்றைப் பரீட்சித்துப் பார்க்கும்போது விபத்தில் கால் நொறுங்கி அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்தது. 1998இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். வலென்சியா ஓடுகளம் இன்றைக்கு அவருடைய பெயரில் இருக்கிறது. நியெத்தோ விட்ட 80 சீசீ டெர்பியில் ஹோர்ஹே மார்ட்டினேஸ் 'அஸ்பார்' 1986 தொடக்கம் மூன்று வருடம் தொடர்ந்து சம்பியன். சீதோ போன்ஸ் 1988லும் 1989லும் 250 சம்பியன். அலெக்ஸ் கிரிவியே 1989இல் 125 சம்பியன், பத்து வருடம் கழித்து 1999இல் 500 சம்பியன். முதலாவது ஸ்பானிய 500 சம்பியன். நியெத்தோவின் ஒபாத்தியா நாளிலிருந்து எண்ணினால் முப்பது வருடம். 50இல் ஏறி, 125இல் ஏறி, 250இல் ஏறி, ஒவ்வொரு படியாக வந்த முப்பது வருடம். ஒவ்வொரு படியிலும் முன்னால் போனவர் அடுத்தவருக்கு அணி கட்டினார். அஸ்பாரும் போன்சும் ஓய்வுபெற்ற பிறகு தங்கட பெயரில் அணி நடத்தி, ஊரூராகப் பெடியளைத் தேடி எடுத்தார்கள். ஜப்பான் கொம்பனிகளின் வண்டியும் பிறகு வந்த ஸ்பொன்சர் காசும் இந்தப் படிகளுக்கு மேலேதான் வந்து இறங்கின.

கொம்பனிகள்தான் மிஞ்சவில்லை. ஸ்பெயின் கதவைத் திறந்ததும் ஜப்பான் வண்டிகள் உள்ளே வந்தன. ஒஸ்ஸா, புல்டாக்கோ இரண்டும் எண்பதுகளில் இழுத்து மூடப்பட்டன. மொன்டேஸா ஹொண்டாவின் கைக்குப் போனது. டெர்பி நின்றுபிடித்து, 2001இல் இத்தாலியின் பியாஜ்ஜோவுக்கு விற்கப்பட்டது. உலக சம்பியன்கள் பெருகப் பெருக, அவர்களை உருவாக்கிய தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. இதில் பெருமைப்படுகிறதா கவலைப்படுகிறதா எண்டு எங்களுக்குள்ள இன்னும் ஒரு முடிவில்லை.

2010இல் 125 வகுப்பில் பதினேழு வயதுப் பெடியன் ஒருவன் உலக சம்பியனானான். மார்க் மார்க்கேஸ். தாங்கியில் எழுதியிருந்த பெயர் டெர்பி. உள்ளே இருந்தது பெயர் மாற்றிய அப்ரிலியா, அந்த நேரம் இரண்டு கொம்பனியும் ஒரே முதலாளிக்கு. அந்த அப்ரிலியா 125 எஞ்சினை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் யான் தீல். 1976இல் நியெத்தோ ஏறிய புல்டாக்கோவைச் செய்த அதே நெதர்லாந்துக்காரர். அடுத்த வருடத்தோடு 125 வகுப்பும் முடிந்தது.

2008 மே மாதம், லெ மான். வலன்டீனோ ரொஸ்ஸி வென்றார், அது அவருடைய 90ஆவது வெற்றி. நியெத்தோவின் எண்ணிக்கையோடு சமன். நியெத்தோ கடைசியாக வென்ற அதே ஓடுகளம். மரியாதைச் சுற்றில் ரொஸ்ஸி வண்டியை நிறுத்த, ஓரத்தில் காத்திருந்த 61 வயது நியெத்தோ பந்தய உடுப்போடு வந்து முன்னால் ஏறினார். ரொஸ்ஸி பின்னால் இருந்தார். "90+90" என்று எழுதிய கொடி. மோட்டோஜிபி யமஹாவை நியெத்தோ ஓட்டிக்கொண்டு போகிறார், பின்னால் உலகத்தின் பெரிய நட்சத்திரம், ஊருக்குள்ள லிப்ட் கேட்டு ஏறின ஆள் மாதிரி. வீடியோ இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

2017 ஜூலை 26, இபிசா தீவில் நாலுசில்லு மோட்டார்சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் வந்த கார் மோதியது. ஓகஸ்ட் 3 அன்று இறந்தார், வயது 70. பந்தய வேகத்தில் இருபது வருடத்துக்கு மேல் தப்பி வந்த மனுசன். அடுத்த வருடம் ஹெரெஸ் ஓடுகளத்துக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். இறந்த செய்தியைப் போட்ட ஸ்பானியப் பத்திரிகைகள் அவருடைய பட்டங்களின் எண்ணிக்கையை அப்போதும் 12+1 என்றுதான் எழுதின.